ஐ.என்.எஸ். குக்ரி மாதிரிக் கப்பல்: பெட்டியில் இருப்பதும் கையேட்டில் விடுபட்டதும்

போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்து சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானியக் கப்பல்கள் எந்த அளவில் வேண்டுமானாலும் கிடைக்கின்றன. இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்றைச் செய்ய நினைத்தால் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதனால் 1971-ஆம் ஆண்டுப் போரில் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரியின் மாதிரியை, 1/350 அளவில், முப்பரிமாண அச்சில் வார்த்த ரெசின் பாகங்களாக, நம் நாட்டுச் சிறு பட்டறை ஒன்றே விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று அறிந்தவுடன் வாங்கிவிட்டேன். பட்டறையின் பெயரை இங்கே தரப்போவதில்லை. பாகங்களின் தரத்தைப் பாராட்டத்தான் வேண்டும் என்றாலும், கூடவே வரும் கையேட்டைப் பற்றிச் சில கடுமையான சொற்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முயற்சியில் இறங்கியிருக்கும் ஒரு பட்டறையைப் பெயர் சொல்லிக் குறைகூறுவதில் எனக்கு விருப்பமில்லை.

முதலில் பாகங்கள். கப்பலின் உடல் ஒரே துண்டாக வருகிறது. உண்மைக் கப்பலின் நீளம் 310 அடி, அதாவது ஏறத்தாழ 94.5 மீட்டர், அதை 350-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டர் வரவேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. அகலம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதுவும் சரி. அச்சின் படிக்கோடுகள் முன்பகுதியில் மட்டும் லேசாகத் தெரிகின்றன. மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் ஒரு பூச்சு கொடுத்தால் மறைந்துவிடுகின்றன. பாய்மரக் கம்பம் வளைந்து வந்திருந்தது. ரெசினுக்கு இது வழக்கமான நோய்தான், வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்து நிமிர்த்தினால் போதும். கப்பலின் பக்கவாட்டில் வரும் எஃப்149 என்ற அடையாள எண்ணுக்கான ஒட்டுத்தாள் கூர்மையாக அச்சாகியிருக்கிறது, ஆனால் ஒரே ஒரு தொகுதிதான் தந்திருக்கிறார்கள். கிழிந்தால் மாற்றுக்கு வழியில்லை.

பெட்டியிலேயே சிறந்த பகுதி லிம்போ மார்ட்டர்கள் இரண்டும்தான். மூன்று குழல் கொண்ட இந்த ஆயுதம் நீர்மூழ்கிக் கப்பலை நோக்கி வெடிகுண்டுகளை வீசுவதற்கானது. குழல்களின் வாய்கூடத் துளையிட்டதாக வந்திருப்பதைப் பார்க்கும்போது, வடிவமைத்தவர் நல்ல ஆதாரப் படங்களை வைத்துக்கொண்டு பொறுமையாக உழைத்திருப்பது விளங்குகிறது. அவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, குக்ரியின் கதையில் மிக முக்கியமான கருவிக்கே அதிகக் கவனத்தைக் கொடுத்திருக்கிறார். லிம்போவின் எட்டும் தூரம் ஏறத்தாழ ஆயிரம் கஜம். எதிரி நீர்மூழ்கியை அந்த வட்டத்துக்குள் கண்டுபிடித்து நெருங்கினால்தான் இந்தக் கப்பலால் எதையும் செய்ய முடியும். நீர்மூழ்கி ஏவுகிற, நீருக்குள் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கையேடு இந்த ஒரு கணக்கைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்துப் பெட்டியின் மேலட்டைக்கு வருகிறேன். ஏவுகணைக் குழாய்களோடும் பின்பகுதியில் ஹெலிகாப்டர் தளத்தோடும் ஒரு கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு வருகிற ஓவியம் அது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு குக்ரி. பெட்டிக்குள் இருப்பது பிரிட்டனில் கௌஸ் நகரில் ஜே. சாமுவேல் வைட் நிறுவனம் கட்டி 1958-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த, பிளாக்வுட் வகையைச் சேர்ந்த, ஃபிரிகேட் எனப்படும் நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்க்கப்பல். மேலட்டையில் இருப்பது மும்பை மசகான் கப்பல் கட்டுந்தளத்தில் உருவாகி 1989 ஆகஸ்ட் 23 அன்று பணியில் சேர்ந்த, கார்வெட் எனப்படும் சிறு ஏவுகணைப் போர்க்கப்பல். மூழ்கிய கப்பலின் பெயரை மறையவிடாமல் புதிய கப்பலுக்குச் சூட்டினார்கள். அதுவும் 32 ஆண்டுகள் உழைத்து 2021 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்று, அருங்காட்சியகமாக வைப்பதற்காக டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. டையூவுக்குச் சுற்றுலா சென்று திரும்புவோரில் பலர், பழைய குக்ரியின் தலைவர் கேப்டன் முல்லா உயிர்விட்ட கப்பலையே நேரில் பார்த்ததாக நம்பிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அந்தக் கப்பல் டையூ கரையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கடல் மைல் தள்ளி அரபிக் கடலின் அடியில் கிடக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய பொருளே அதைப் பெட்டியின் முகப்பில் அச்சிட்டுப் பரப்புவது வருத்தத்துக்குரியது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த மாதிரி நீர்க்கோட்டோடு நின்றுவிடுகிறது. தட்டையான அடிப்பாகத்தை நீல நிறப் பலகையில் ஒட்டினால் கப்பல் கடலில் மிதப்பதுபோல் தெரியும் என்பது கணக்கு. பல நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன, அதில் பிழையில்லை. ஆனால் குக்ரியைப் பொறுத்தவரை அதன் விதியைத் தீர்மானித்த எல்லாமே நீர்க்கோட்டுக்குக் கீழேதான் இருந்தன. நீருக்குள் ஒலியைக் கொண்டு நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் கூடு அங்கே இருந்தது. செலவைக் குறைப்பதற்காக ஒற்றைத் தண்டும் ஒற்றை உந்துவிசிறியுமாக வடிவமைக்கப்பட்ட வகை இது. அந்த விசிறியும் அங்கே. டார்பிடோ வெடித்த இடமும், வெடிமருந்துக் கிடங்குக்குக் கீழே, அங்கேதான். ரெசின் கூடுதலாகச் செலவானாலும் முழு உடலையும் தந்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் மறுக்காமல் அந்த விலையைக் கொடுத்திருப்பார்கள்.

இனிக் கையேடு. பொருத்தும் முறையைச் சொல்லும் பக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. கேப்டன் மகேந்திர நாத் முல்லாவைப் பற்றிய பகுதிதான் ஏமாற்றம் தருகிறது. பிறந்த ஊர், விருது, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தபடி கப்பலோடு மூழ்கினார் என்ற காட்சி, அவ்வளவுதான். ஒரு மனிதனின் நாற்பத்தைந்து ஆண்டு வாழ்க்கை கடைசிச் சில நிமிடங்களாகச் சுருங்கிப்போகிறது. அந்த நிமிடங்களில் அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதற்கான விடையோ அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் இருக்கிறது.

முல்லா 1926 மே 15 அன்று கோரக்பூரில் பிறந்தார். காஷ்மீரப் பண்டிதக் குடும்பம்; வீட்டில் சட்டம் படித்தவர்கள் மிகுதி. அவர் சட்டத்துக்குப் போகாமல் 1946-இல் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் பயிற்சி மாணவராகச் சேர்ந்து, பிரிட்டனில் பயிற்சி பெற்று, நாடு விடுதலை அடைந்த பிறகு 1948 மே 1 அன்று அதிகாரியாக நியமனம் பெற்றார். கப்பல்கள் பழையவையாகவும் மரபுகள் பிரிட்டிஷாருடையவையாகவும் இருந்த ஒரு கடற்படை தன்னைத் தானே இந்தியக் கடற்படையாக மாற்றிக்கொண்ட காலம் முழுவதும் அவர் அதற்குள் வளர்ந்தார். ஐ.என்.எஸ். கிருஷ்ணாவில் பணியாற்றினார், ஐ.என்.எஸ். ராணா என்ற அழிப்புக் கப்பலுக்குத் தலைமை தாங்கினார், அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் இந்தியத் தூதரகத்தின் துணைக் கடற்படை ஆலோசகராக இருந்தார். 1971 பிப்ரவரியில் குக்ரியின் பொறுப்பையும், அதோடு கிர்பான், குத்தார் என்ற உடன்பிறப்புக் கப்பல்கள் அடங்கிய 14-ஆவது ஃபிரிகேட் அணியின் தலைமையையும் ஏற்றார்.

பதவிகளின் இந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குடும்பத்துச் சட்ட அறிவு அவரை விட்டுப் போகவில்லை. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட மாலுமிகளுக்காக வாதாடுவதில் பெயர் பெற்றவராக அவரைச் சக அதிகாரிகள் நினைவுகூர்கிறார்கள். அதிகாரி ஒரு தட்டிலும் மாலுமி ஒரு தட்டிலும் வாழும் கப்பல் உலகில், குற்றஞ்சாட்டப்பட்ட மாலுமி தேடிவந்து நிற்கக்கூடிய அதிகாரியாக ஒருவர் இருப்பது சாதாரணச் செய்தியில்லை. உருதுக் கவிதையில் திளைத்தவர், சமயம் பார்த்து வரிகளை எடுத்துச் சொல்பவர் என்றும் சொல்வார்கள். கையேட்டில் இரண்டுக்கும் இடமில்லை. சிகரெட்டுக்கு மட்டும் இடமிருக்கிறது.

1971 டிசம்பர் 4 இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. இன்றும் அந்த நாள்தான் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வெற்றிக் களிப்பின் நடுவே, டையூ பகுதியில் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நடமாடுவதை அதன் வானொலிச் சமிக்ஞைகளைக் கொண்டு இந்தியத் தரப்பு கண்டுகொண்டது. அதைத் தேடி அழிக்கும் பணி முல்லாவின் அணிக்கு வந்தது. மூன்று கப்பல்கள் போயிருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் போக முடிந்தது. குத்தாரின் கொதிகலன் அறையில் ஏற்பட்ட விபத்தால் அது பம்பாய்க்கு இழுத்துவரப்பட்டிருந்தது. தேடப்பட்ட நீர்மூழ்கி ஹங்கோர், பிரான்சில் கட்டப்பட்ட டாஃப்னே வகை, பணிக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆனது. தேடப்போனவை ஐம்பதுகளின் சோனார் பொருத்தியவை. ஹங்கோரால் இவற்றைக் கேட்க முடிந்த தூரத்தில் இவற்றால் ஹங்கோரைக் கேட்க முடியவில்லை.

இங்கே கையேடு முற்றிலும் மௌனமாகக் கடந்துபோகும் ஒரு செய்தி இருக்கிறது. சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டுவதற்காக லெப்டினன்ட் வி. கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி ஒரு துணைக் கருவியை உருவாக்கி, அதைக் குக்ரியில் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசோதனைக்காகக் கப்பல் மெதுவாகச் செல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் செல்லும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு. போர்க்களத்தில் அந்த வேகத்தில் போனது சரிதானா, இரண்டு கப்பல்களை மட்டும் அந்தப் பணிக்கு அனுப்பியது முறைதானா என்று அதன் பிறகு கடற்படைக்குள்ளும் வெளியிலும் நெடுநாள் விவாதம் நடந்தது. ஜெயினும் அந்த இரவில் கப்பலோடு போய்விட்டார். இந்த விவாதத்தைச் சொன்னால் முல்லாவின் பெருமைக்குக் குறைவு வந்துவிடும் என்று கையேட்டை எழுதியவர் அஞ்சியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கருவிகளோடும் தீராத கேள்விகளோடும் ஒரு தலைவர் கடலுக்குப் போனார் என்று அறிந்த வாசகன் அவரை இன்னும் நெருக்கமாகவே புரிந்துகொள்வான்.

டிசம்பர் 9 இரவு ஒன்பது மணியை ஒட்டி, கமாண்டர் அகமது தஸ்னீமின் தலைமையில் இருந்த ஹங்கோர் முதல் டார்பிடோவைக் கிர்பானை நோக்கி ஏவியது. அது வெடிக்காமல் போயிற்று. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். 6 அதிகாரிகளும் 61 மாலுமிகளும் பிழைத்தார்கள், மறுநாள் ஐ.என்.எஸ். கச்சல் வந்து அவர்களைக் கடலிலிருந்து மீட்டது. ‘உலகில் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல்’ என்று கையேடு எழுதியிருப்பது பெரும்பிழை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வாறு மூழ்கிய முதல் போர்க்கப்பல் என்பதே சரி. அதற்கு அடுத்து 1982-இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ஹெனரல் பெல்கிரானோ மூழ்கியது.

அந்தச் சில நிமிடங்களில் முல்லா செய்தவற்றை அறிய மகா வீர் சக்ரா விருதின் சான்றுரையைவிட நல்ல ஆவணம் இல்லை. மிகையே இல்லாத, அலுவலக நடையில் எழுதிய சில வாக்கியங்கள் அவை. கப்பலைக் கைவிடுவது என்று முடிவெடுத்த பிறகு, தன் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல், பதற்றமின்றி முறையாக ஆட்களை வெளியேற்றும் பணியை மேற்பார்த்தார். தனக்கான உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்துத் தான் தப்ப மறுத்தார். முடிந்தவரை பலரையும் வெளியே அனுப்பிய பின், மேற்கொண்டு என்ன மீட்பு செய்ய இயலும் என்று பார்க்க, கப்பலை இயக்கும் மேல்தள அறையான பிரிட்ஜுக்குத் திரும்பினார். கப்பலோடு மூழ்கும்போதுதான் கடைசியாக அவரைக் கண்டார்கள். சான்றுரையின் சாரம் இதுதான். சிகரெட்டும் நாற்காலியும் பிழைத்தவர்களின் நினைவுகளிலிருந்து வந்தவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் சான்றுரை காட்டும் மனிதர் கடைசிவரை வேலையில் இருப்பவர், மீட்கப்பட வேண்டியவர்களைக் கணக்கிட்டுக்கொண்டு மேலே ஏறிப்போகிறவர். கப்பலோடு தலைவன் மூழ்க வேண்டும் என்ற பழைய மரபுக்காக அமைதியாக உட்கார்ந்துவிட்டவராக மட்டும் அவரைக் காட்டுவது, அந்த வேலையை மறைத்துவிடுகிறது. மாலுமிகளுக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர், தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கழற்றிக் கொடுத்ததில் எனக்கு வியப்பு இல்லை; முன்னதை அறியாதவர்களுக்குத்தான் பின்னது திடீரென்று நிகழ்ந்த அற்புதம்போல் தெரியும்.

கையேட்டின் கடைசிப் பக்கம் ‘குறிப்புகளுக்காக’ என்ற தலைப்போடு வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் சான்றுரையை அப்படியே அச்சிட்டிருக்கலாம், அல்லது பொடி எழுத்திலாவது 194 பெயர்களையும் தந்திருக்கலாம். அடுத்த பதிப்பில் செய்யும்படி பட்டறைக்கு எழுதியிருக்கிறேன்.

குக்ரியின் நினைவிடம் டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை மூழ்கடித்த ஹங்கோர் கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் முழுக் கப்பலாகவே நிற்கிறது. தஸ்னீம் தன் கடமையைத் திறமையாகச் செய்தார், அவருக்கு அவருடைய நாடு சித்தாரா-இ-ஜுராத் விருதைக் கொடுத்தது. இதை எழுதுவதால் முல்லாவுக்கு எதுவும் குறைந்துவிடாது. கையேடோ எதிரியின் கப்பல் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘பகைவனின் வஞ்சகத் தாக்குதல்’ என்கிறது. தேடி அழிக்கப் போன கப்பலை, தேடப்பட்ட கப்பல் முந்திக்கொண்டு தாக்குவதில் வஞ்சகம் என்ன இருக்கிறது? இரு தரப்பும் போரில் இருந்தன. இப்படி எழுதுவதால் வாங்குகிற பள்ளி மாணவனுக்கு வெறுப்புதான் கிடைக்கும், வரலாறு கிடைக்காது.

வண்ணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கையேடு பரிந்துரைக்கும் சாம்பல் நிறம் அட்டையில் இருக்கும் பிற்காலக் கப்பலுக்குப் பொருந்தலாம். எழுபதுகளின் படங்களோடு ஒப்பிட்டபோது இன்னும் வெளிர்ந்த சாம்பலே எனக்குச் சரியாகப் பட்டது. மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்தால் போதும். கனமாக அடித்தால் லிம்போ குழல்களின் வாய் அடைபட்டுவிடும். போஃபர்ஸ் பீரங்கிகளின் குழாய்கள் தலைமுடி அளவே இருப்பதால், அவற்றை வெட்டி எடுப்பதற்கு முன்பே சட்டத்தில் வைத்து வண்ணம் தீட்டிவிடுவது நல்லது. பசையாகச் சூப்பர் க்ளூவைத் துளியளவு ஊசிமுனையில் எடுத்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான பசை ரெசினில் பிடிக்காது.

முன்பே நான்கைந்து மாதிரிகளைச் செய்து பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். இந்த விலைக்கு இந்தத் தரத்தில் பிளாக்வுட் வகைக் கப்பல் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. புதியவர்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பெரியவர்கள் துணையோடு செய்யட்டும், ரெசின் தூள் மூக்கில் ஏறக்கூடாது என்பதால் முகக்கவசம் கட்டாயம். கிர்பானையும் செய்ய நினைப்பவர்கள் இதே பெட்டியை இன்னொன்று வாங்கி, எஃப்144 என்ற எண்ணைத் தனியாக அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வகைக் கப்பல்கள் என்பதால் பாகங்களில் பெரிய மாற்றம் தேவைப்படாது.